க்ளூடோ: இழுத்து வந்த காய், மறைந்த சீட்டு, தீராத விதிச் சண்டைகள்

க்ளூடோ தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இது ஒரு கொலையைத் துப்பறியும் பலகை ஆட்டம். கொலைகாரர், ஆயுதம், அறை என்று மூன்று சீட்டுகள் ஓர் உறைக்குள் மறைந்திருக்கும், மீதிச் சீட்டுகள் ஆடுபவர்கள் கையில். அறைக்கு அறை போய்க் கேட்டு, உறையில் இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி – 4 ஜூன்

"க்ளூடோவில் என் காய் ப்ரொஃபசர் பிளம். லைப்ரரி வாசலுக்கு இரண்டு கட்டம்தான் பாக்கி. அதற்குள் கிச்சனில் நின்ற ஒருவர் 'பிளம், கயிறு, கிச்சன்' என்று கேட்டு என் காயைத் தூக்கிக்கொண்டு போய்க் கிச்சனில் வைத்துவிட்டார். என் முறை வந்ததும் பகடை உருட்டாமல் அங்கேயே நின்று கேட்கப் போனேன். அது கூடாது, உருட்டி வெளியே போ என்கிறார்கள். எது சரி? இன்னொன்று, கையில் இருக்கிற சீட்டையே பெயர் சொல்லிக் கேட்பது ஏமாற்று வேலையா?"

4 ஜூன், இரவு

நிற்கலாம். இந்த ஆட்டத்தை அமெரிக்காவில் வெளியிட்ட பார்க்கர் பிரதர்ஸ் வழி வந்த விதிப் புத்தகங்களில் இது தெளிவாகவே இருக்கிறது: வேறொருவர் உங்கள் காயை ஓர் அறைக்குள் இழுத்து வந்திருந்தால், உங்கள் அடுத்த முறையில் உருட்டாமல், நகராமல், அந்த அறையை வைத்தே கேட்கலாம். வேண்டாமென்றால் வழக்கம்போல் உருட்டி வெளியேறலாம், அல்லது அந்த அறையில் ரகசிய வழி இருந்தால் அதில் போகலாம். முடிவு உங்களுடையது. மற்றவர்கள் உங்களை வெளியே தள்ள முடியாது.

சொந்தச் சீட்டைக் கேட்பது ஏமாற்று இல்லை. அனுமதி உண்டு. அதைவிட, அது இல்லாவிட்டால் இந்த ஆட்டத்தில் பாதிச் சுவை போய்விடும். விரிவாக நாளை எழுதுகிறேன்.

5 ஜூன்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் கீழே எல்லாம் குழம்பும். நான் 'கேள்வி' என்பது அறைக்குள் நின்று ஒரு ஆள், ஒரு ஆயுதம், அந்த அறை என்று மூன்றையும் சொல்லி மற்றவர்களிடம் சீட்டு கேட்பதை. 'குற்றச்சாட்டு' என்பது உறையைத் திறந்து பார்க்கும் கடைசி அடி. கேள்வி எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம். குற்றச்சாட்டு ஒருவருக்கு ஒன்றுதான். நான் பார்த்த சண்டைகளில் ஒரு பெரும்பகுதி, ஒருவர் கேள்வி என்று நினைத்துச் சொன்னதை இன்னொருவர் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொண்டதால் வந்தது. அதனால் குற்றம் சாட்டும்போது "நான் குற்றம் சாட்டுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பெயர்களைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் மேஜை வழக்கம்.

இப்போது சொந்தச் சீட்டு. ஸ்டடி அறைச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறது என்று வையுங்கள். ஸ்டடிக்குள் போய் 'ஸ்கார்லெட், ஸ்பேனர், ஸ்டடி' என்று கேட்கிறீர்கள். ஸ்டடியை யாரும் காட்ட முடியாது, அது உங்களிடம்தான் இருக்கிறது. ஆக, யாராவது சீட்டு காட்டினால் அது ஸ்கார்லெட் அல்லது ஸ்பேனர், இரண்டில் ஒன்று. யாருமே காட்டவில்லை, அந்த இரண்டும் உங்களிடமும் இல்லை என்றால் உறைக்குள் இருக்கும் ஆளும் ஆயுதமும் ஒரே கேள்வியில் கிடைத்துவிட்டன. மற்றவர்களுக்கோ ஸ்டடியும் சந்தேகத்தில்தான் நிற்கும். ஒரு பொய்கூடச் சொல்லாமல் எதிரியைத் தவறான திசையில் பார்க்க வைப்பது, அதுதான் அழகு.

5 ஜூன், சற்றுப் பிறகு

ஒருவர் கேட்கிறார்: "அப்படியானால் மூன்றையும் என் கையில் இருப்பதாகவே கேட்கலாமா?" கேட்கலாம். யாரும் எதையும் காட்ட மாட்டார்கள், உங்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் மேஜையே நிமிர்ந்து உட்காரும். உங்கள் முறை ஒன்றைச் செலவழித்து மற்றவர்களைப் பதற வைக்கிறீர்கள். அவசரக்காரர் ஒருவர் எதிரில் இருந்தால் அவர் அதை நம்பித் தவறாகக் குற்றம் சாட்டி ஆட்டத்தைவிட்டே போகவும் வாய்ப்பு உண்டு. எனக்குப் பிடித்த உத்தி அல்ல, முறை வீண். ஆனால் விதிக்குள் அடங்கியது.

7 ஜூன்

நகர்வு பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

குறுக்கே சாய்வாகப் போகக் கூடாது. நேராகவும் பக்கவாட்டிலும்தான். இன்னொரு காய் நிற்கும் கட்டத்தைத் தாண்டவும் முடியாது, அதில் நிற்கவும் முடியாது. அறைக்குள் நுழைய பகடை எண் சரியாக வர வேண்டும் என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. ஆறு விழுந்து நான்கிலேயே வாசல் வந்துவிட்டால் உள்ளே போய்விடலாம், மீதி எண் அப்படியே போகும். உள்ளே நுழைந்ததும் நகர்வு முடிந்தது. மீதி இரண்டை வைத்து அடுத்த கதவு வழியாக வெளியேற முடியாது.

ஒரே அறையில் குடியிருப்பது முடியாது. ஒரு முறை கேட்ட பிறகு அடுத்த கேள்விக்கு வேறு அறைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வெளியே வந்துவிட்டுப் பின்னொரு முறையில் திரும்ப நுழைய வேண்டும். "என் முறையை விட்டுக்கொடுக்கிறேன், இங்கேயே இருக்கிறேன்" என்பதும் செல்லாது.

ரகசிய வழி இதற்கு மாற்று. கிச்சனிலிருந்து ஸ்டடிக்கு ஒன்று, கன்சர்வேட்டரியிலிருந்து லவுஞ்சுக்கு ஒன்று, மூலைக்கு மூலை. அதில் போவதானால் பகடை உருட்டக் கூடாது, அதுவே உங்கள் முழு நகர்வு. போன இடத்தில் உடனே கேட்கலாம். அடுத்த முறை திரும்பி வந்து இங்கே கேட்கலாம். ஒருவர் இப்படிக் கிச்சனுக்கும் ஸ்டடிக்கும் போய் வந்துகொண்டே இருப்பது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஒவ்வொரு முறையும் அறை மாற்றுகிறார். தவிர, அவருக்குத் தெரியவருவது ஒன்பது அறைகளில் இரண்டைப் பற்றித்தான்.

7 ஜூன், இரவு

"வாசலில் காயை நிறுத்தி எதிரியை அறைக்குள் அடைத்து வைக்கலாமா?" வைக்கலாம். ஆனால் பலகையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பழைய பலகை அமைப்பில் ஒற்றைக் கதவு உள்ள அறைகள் நான்குதான்: கிச்சன், ஸ்டடி, லவுஞ்ச், கன்சர்வேட்டரி. நான்கும் மூலை அறைகள், நான்கிலும் ரகசிய வழி இருக்கிறது. கதவை அடைத்தால் சுரங்கம் வழியாகப் போய்விடுவார். மற்ற ஐந்து அறைகளில் இரண்டோ அதற்கு மேலோ கதவுகள், பால்ரூமுக்கு நான்கு. ஆக, ஒருவர் தனியாக யாரையும் சிறை வைக்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்து இரண்டு கதவை அடைத்தால்தான் உண்டு. அப்படி நேர்ந்தால் உள்ளே இருப்பவர் வாசல் விடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பலகையை வரைந்தவர் இதை யோசித்துத்தான் வரைந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரைப் பற்றி இன்னொரு நாள்.

9 ஜூன்

சீட்டு காட்டும் வரிசை. நகர்வு விதிகளில் பேசி வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒரு பகடையா இரண்டா, குற்றம் சாட்டப் பலகையின் நடுவுக்கு வர வேண்டுமா வேண்டாமா, இவையெல்லாம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. ஆட்டம் தொடங்கும் முன்பு எல்லோரும் ஒப்புக்கொண்டால் போதும். சீட்டு காட்டுவதில் மட்டும் ஒரு இம்மிகூட வளையக் கூடாது. அங்கே வளைந்தால் துப்பறிய ஒன்றும் மிஞ்சாது.

முறை இதுதான். கேட்டவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதலில் பதில் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தால் காட்டியே ஆக வேண்டும், கேட்டவருக்கு மட்டும், மற்றவர் கண்ணில் படாமல். இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லி அடுத்தவருக்கு விட வேண்டும். ஒருவர் காட்டியதும் கேள்வி அங்கேயே நின்றுவிடும். அவருக்கு அப்பால் இருப்பவர்கள் காட்டத் தேவையில்லை, "என்னிடமும் ஒன்று இருக்கிறது" என்று சொல்லவும் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தவறிப்போகிறது. கேள்வி நின்ற பிறகு அப்பால் இருப்பவர்கள் 'இல்லை' சொல்லவே இல்லை. துப்புகளைக் குறித்து வைக்கும் உங்கள் தாளில் அவர்களுக்கு 'இல்லை' என்று பெருக்கல் குறி போடக் கூடாது. காலியாக விடுங்கள்.

இரண்டு, மூன்று சீட்டுகள் இருந்தாலும் ஒன்றைத்தான் காட்ட வேண்டும், எது என்பது காட்டுபவர் இஷ்டம். முன்பு இதே ஆளுக்குக் காட்டிய சீட்டையே மறுபடி காட்டலாமா? தாராளமாக. நல்ல ஆட்டக்காரர் அதைத்தான் செய்வார், புதிதாக எதையும் இழக்க வேண்டாமே. அதனால் யாருக்கு எந்தச் சீட்டைக் காட்டினீர்கள் என்பதையும் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பெரும்பாலானவர்கள் தாங்கள் பார்த்ததை மட்டுமே குறிக்கிறார்கள்.

9 ஜூன், தொடர்ச்சி

மற்றவர்களுக்கு இடையே நடக்கும் கேள்வியில் நமக்கென்ன என்று கைகட்டிக்கொண்டு இருக்காதீர்கள். ஓர் உதாரணம். லவுஞ்சில் நிற்பவர் 'ஸ்கார்லெட், ரிவால்வர், லவுஞ்ச்' கேட்கிறார். அவருக்கு இடப்பக்கத்தவர் ஏதோ ஒரு சீட்டைக் காட்டுகிறார். எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்கார்லெட் என் கையில் இருக்கிறது. லவுஞ்ச் சீட்டை வேறொருவர் எனக்கு முன்பே காட்டியிருக்கிறார். அப்படியானால் இப்போது காட்டியது ரிவால்வரைத் தவிர வேறொன்றாக இருக்க முடியாது. என் முறைகூட வரவில்லை, ஓர் ஆயுதம் கழிந்தது.

இதனால்தான் யார் கேட்டார், எதைக் கேட்டார், யார் காட்டினார் என்று ஒவ்வொரு கேள்வியையும் எழுதச் சொல்கிறேன். பெட்டியோடு வரும் சின்னத் தாள் இதற்குப் போதாது. தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி போடுங்கள். "அப்படி எழுதுவது முறையா" என்று ஒருவர் கேட்டிருந்தார். காதில் விழுந்ததை எழுதத் தடை ஏது? இன்னொருவர் தாளை எட்டிப் பார்ப்பதுதான் தவறு.

10 ஜூன்

அக்கா வீட்டில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொன்னால் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும்.

நான்கு பேர். அக்கா, அவருக்கு இடப்பக்கம் அத்தான், அப்புறம் அவர்கள் பையன், கடைசியில் நான். அக்கா லைப்ரரியில் நின்று 'மஸ்டர்ட், கயிறு, லைப்ரரி' என்று கேட்டார். அத்தான் இல்லை என்றார். பையன் சீட்டுகளை விசிறி மாதிரி விரித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றான். நானும் இல்லை. அக்கா முகத்தில் ஒன்றும் காட்டாமல் தாளில் வட்டம் போட்டார். மஸ்டர்டும் லைப்ரரியும் அவர் கையிலேயே இருந்தன என்று பிறகுதான் தெரிந்தது. கயிற்றை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கக் கேட்ட கேள்வி அது. அருமையான கேள்வி. அவர் கணக்கில் ஆயுதம் முடிந்துவிட்டது.

சில சுற்றுகள் கழித்து ஆளையும் அறையையும் பிடித்துவிட்டுக் குற்றம் சாட்டினார்: பீகாக், கயிறு, பால்ரூம். உறையைத் திறந்து பார்த்தவர் அப்படியே சில நொடி வைத்த கண் எடுக்காமல் இருந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் மூன்று சீட்டையும் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை கேட்டவர்களுக்குச் சீட்டு மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து சீட்டுகளைத் திருப்பிப் போட்டபோதுதான் தெரிந்தது, கயிறு பையன் கையில் இன்னொரு சீட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. உறையில் ஸ்பேனர்.

பையன் ஏமாற்றவில்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனாலும் பழுதில்லாமல் யோசித்த ஒருவர், ஒரு 'இல்லை' பொய்த்ததால் தோற்றார். வேறு எந்த விதி மீறலையும் சரிசெய்துவிடலாம், காயைப் பழைய கட்டத்தில் வைத்துவிட்டால் போயிற்று. தவறான 'இல்லை' எல்லோருடைய தாளுக்குள்ளும் போய்விடுகிறது. அதற்கு மேல் கட்டிய ஒவ்வொரு முடிவும் சரிகிறது.

11 ஜூன்

"அப்படி நடந்தால் என்ன செய்வது" என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். இனி சொல்வது எங்கள் மேஜையில் நாங்கள் வகுத்துக்கொண்டது, அச்சிட்ட விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடுவில் கண்டுபிடித்தால் உடனே சொல்லிவிட வேண்டும். "லைப்ரரிக் கேள்வியில் என்னிடம் ஒன்று இருந்தது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி, சீட்டை அன்று கேட்டவருக்கு மட்டும் காட்ட வேண்டும். மேஜைக்கு நடுவே திறந்து வைக்கக் கூடாது. அன்றே சரியாகக் காட்டியிருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்குமோ, அந்த அளவுதான் இப்போதும் தெரிய வேண்டும். அந்தக் கேள்வியில் அவருக்குப் பின் வந்தவர்கள் சொன்ன 'இல்லை' உண்மைதான், அதை அழிக்கத் தேவையில்லை. அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த கூடுதல் தகவல். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

அதற்குள் யாராவது அந்த 'இல்லை'யை நம்பிக் குற்றம் சாட்டித் தோற்றிருந்தால்? அவர் உறையைப் பார்த்தாகிவிட்டது. அவரைத் திரும்பச் சேர்க்கவும் முடியாது, வெளியே வைப்பதும் நியாயமில்லை. ஆட்டத்தைக் கலைத்து மறுபடி சீட்டுப் போடுவதுதான் வழி. எவ்வளவு நேரம் ஆகியிருந்தாலும் சரி.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. கேட்பவர் மூன்று பெயரையும் ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல்லட்டும். பதில் சொல்பவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தி, கையில் எத்தனை என்று மனதுக்குள் எண்ணிவிட்டு 'இல்லை' சொல்லட்டும். குழந்தைகளோடு ஆடும்போது இதை ஒரு சடங்கு போலவே செய்கிறோம்.

13 ஜூன்

4ஆம் தேதிக் கேள்விக்கே திரும்பி வருகிறேன், ஒரு கிளைக் கேள்வி வந்திருக்கிறது. "நான் ஏற்கெனவே கிச்சனில் இருக்கிறேன், போன முறை அங்கே கேட்டும்விட்டேன். இப்போது இன்னொருவரும் கிச்சனுக்குள் வந்து என் காயின் பெயரையே சொல்லிக் கேட்கிறார். நான் மறுபடி அங்கேயே கேட்கலாமா?"

என் தீர்ப்பு: கூடாது. உங்கள் காய் நகரவே இல்லை. இழுத்து வந்தால்தான் அந்த உரிமை, ஏனென்றால் அது இழந்த வழிக்கு ஈடு. வாசலுக்கு இரண்டு கட்டத்தில் இருந்த உங்களைப் பலகையின் மறுமூலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்களே, அதற்கான ஈடு. இருந்த இடத்திலேயே இருப்பவர் எதையும் இழக்கவில்லை. ஆனால் 'கேட்கலாம்' என்று ஆடும் வீடுகளும் உண்டு. ஆட்டத்தை அது குலைக்காது, முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆயுதக் காயும் இப்படித்தான் அறைக்குள் வர வேண்டும் என்கிறது விதி. அதனால் ஆட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. யார் எதைக் கேட்டார் என்பது கண்முன் இருக்கும், அவ்வளவே. கேள்வி முடிந்ததும் ஆளையும் ஆயுதத்தையும் பழைய இடத்தில் திரும்ப வைக்கக் கூடாது. அங்கேயே இருக்கட்டும்.

14 ஜூன்

"என் காய் பிளம். பிளம்தான் கொலைகாரன் என்றால் நான் அதை மறைக்க வேண்டுமா?"

இது குழந்தைகள் கேட்கும் கேள்வி என்று தள்ள மாட்டேன், பெரியவர்களும் கேட்கிறார்கள். காய்க்கும் சீட்டுக்கும் தொடர்பே இல்லை. பிளம் காயை நகர்த்துகிறவர் ஒரு துப்பறிவாளர், அவ்வளவுதான். பிளம் சீட்டு யாரிடமும் இருக்கலாம், உறையிலும் இருக்கலாம். உறையில் இருந்தால் நீங்களே உங்கள் மேல் குற்றம் சாட்டி ஜெயிக்கலாம். மற்றவர்களைப் போலவே உங்களுக்கும் அது தெரியாது, கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

16 ஜூன்

பலகையை வரைந்தவரைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஆண்டனி பிராட், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்தவர், பியானோ கலைஞர். பலகையை வரைந்தது அவர் மனைவி எல்வா. காப்புரிமைக்கு 1944 டிசம்பரில் விண்ணப்பித்தார்கள், 1947இல் கிடைத்தது. போருக்குப் பிந்தைய பொருள் தட்டுப்பாட்டில் தள்ளிப்போய், 1949இல்தான் வாடிங்டன்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் 'க்ளூ' என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஆக, பிறந்த ஆண்டிலேயே இரண்டு நாட்டில் இரண்டு பெட்டி. இங்கிலாந்தின் ரெவரெண்ட் கிரீன் அமெரிக்காவில் மிஸ்டர் கிரீன் ஆகிவிட்டார், கொலையுண்ட டாக்டர் பிளாக், மிஸ்டர் பாடி ஆனார். இரண்டு விதிப் புத்தகங்களும் அதற்குப் பிறகு தனித்தனியே திருத்தப்பட்டு வந்தன. ஒரே மேஜையில் இருவர் இரண்டு விதியைச் சத்தியம் செய்து சொல்வதற்கு இதுவே காரணம். இருவருமே படித்ததைத்தான் சொல்கிறார்கள்.

பிராட் முதலில் யோசித்த ஆட்டம் இன்னும் வேறு மாதிரி. பத்துப் பாத்திரங்கள். அதில் ஒருவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டு எடுத்துக் கொலையுண்டவர் ஆவார். ஆயுதங்களில் வெடிகுண்டும் ஊசியும் இருந்தன. சீட்டுகள் கைக்கு வராது, சில அறைகளில் வைக்கப்பட்டிருக்கும், தேடிப் போய் எடுக்க வேண்டும். ஓர் ஆளைப் பற்றிக் கேட்க அந்த ஆளின் காய் மேல் போய் இறங்க வேண்டும்.

இதைப் படித்த பிறகு காயை இழுக்கும் விதி எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. துரத்திப் பிடிப்பதற்குப் பதிலாக, பெயர் சொன்னதும் ஆள் அறைக்கு வந்து நிற்கிறார். என் அனுமானம்தான் இது. துரத்தும் ஆட்டமாகவே இருந்திருந்தால் பாதி நேரம் பகடையிலேயே போயிருக்கும்.

17 ஜூன்

பாத்திரங்கள் என்றதும் ஒருவர் எழுதியிருக்கிறார், அவர் பெட்டியில் மிஸஸ் ஒயிட் இல்லை, டாக்டர் ஆர்க்கிட் இருக்கிறார், பெட்டி கெட்டுப்போனதா என்று. இல்லை. 2016இல் அப்படி ஒரு பதிப்பு வந்தது. ஆள் மாறினாலும் எண்ணிக்கை அதே ஆறு. கணக்கு மாறாது.

18 ஜூன்

கணக்கு என்றால்: ஆறு ஆள், ஆறு ஆயுதம், ஒன்பது அறை. மொத்தம் 324 சேர்க்கைகள். 21 சீட்டில் மூன்று உறைக்குள், மீதி 18 கைக்கு. மூன்று பேரென்றால் ஆளுக்கு ஆறு, ஆறு பேரென்றால் ஆளுக்கு மூன்று. நான்கு பேரென்றால் இருவருக்கு ஐந்து, இருவருக்கு நான்கு. "இது அநியாயம்" என்ற சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எவ்வளவு அநியாயம் என்று பார்க்கலாம். நான்கு சீட்டுக்காரரிடம் இரண்டு ஆள், ஓர் ஆயுதம், ஓர் அறை இருப்பதாக வைத்தால் அவருக்கு மீதம் 4 பெருக்கல் 5 பெருக்கல் 8, அதாவது 160. ஐந்தாவதாக இன்னோர் அறைச் சீட்டு கிடைத்தவருக்கு 140. வித்தியாசம் உண்டு, ஆனால் மலையளவு இல்லை. விதிப் புத்தகமும் சிலருக்கு ஒரு சீட்டு கூடுதலாக வந்தால் பரவாயில்லை என்றே விடுகிறது.

சில வீடுகளில் மிஞ்சும் இரண்டு சீட்டை மேஜையில் திறந்து வைக்கிறார்கள். பல வருடம் நானும் அதுதான் நல்ல வழி என்று சொல்லிவந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சீட்டு கூடுதலாக உள்ளவருக்கு ஆரம்பத்தில் தெரிவது அதிகம், ஆனால் அடிக்கடி காட்ட வேண்டியவரும் அவர்தான். திறந்து வைத்தால் இந்த ஏற்றத்தாழ்வு போய்விடும், கூடவே இரண்டு ரகசியமும் போய்விடும். புதியவர்களோடு ஆடும்போது திறந்து வையுங்கள். பழகியவர்களோடு என்றால் பிரித்தே கொடுத்துவிடுங்கள், யாருக்கு ஐந்து என்பது எல்லோருக்கும் தெரியும்படி. அந்த எண்ணிக்கையே ஒரு துப்பு. ஒருவரிடம் நான்கு சீட்டு என்று தெரிந்து, நான்கையும் கண்டுபிடித்துவிட்டால் மீதி பதினேழு பெயருக்கும் அவர் பத்தியில் ஒரே மூச்சில் பெருக்கல் குறி போட்டுவிடலாம்.

18 ஜூன், இரவு

இரண்டு பேர் மட்டும் ஆடலாமா என்றால், ஆடலாம், ஆனால் சாரம் குறைவு. என்னிடம் இல்லாததற்கு எதிரில் இருப்பவர் 'இல்லை' என்றால் அது உறையில். நடுவில் மறைவதற்கு மூன்றாவது ஆள் கிடையாது. மூன்று பேர் வரும்வரை பொறுங்கள்.

20 ஜூன்

குற்றச்சாட்டு பற்றி இன்னும் சில.

அதில் எந்த அறையையும் சொல்லலாம், நீங்கள் நிற்கும் அறைதான் என்றில்லை. கேள்விக்கு மட்டுமே அந்தக் கட்டுப்பாடு. பலகை நடுவுக்கு வந்துதான் சாட்ட வேண்டும் என்று உங்கள் பதிப்பு சொன்னால் அப்படியே செய்யுங்கள். சாட்டியவர் மட்டும் உறையைப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் மூன்றையும் எல்லோர் முன்பும் போடுவார். தவறென்றால் யாரும் பார்க்காமல் திரும்ப வைத்துவிட்டு விலகுவார். எந்தெந்தச் சீட்டு தவறு என்று சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. "ஐயோ, ஆயுதம் மட்டும் போச்சே" என்ற ஒரு வார்த்தை போதும், மற்றவர்களுக்கு ஆளும் அறையும் இனாம்.

விலகியவர் எழுந்து போகக் கூடாது. நகர்வும் கேள்வியும்தான் அவருக்கு இல்லை. சீட்டு காட்டும் கடமை கடைசிவரை உண்டு. அவசர வேலை வந்து போகத்தான் வேண்டுமென்றால்? சீட்டுகளை ஆடுகிற வேறு யாரிடமும் கொடுக்க முடியாது, கொடுத்தால் வாங்கியவர் அந்தச் சீட்டுகளைப் பார்த்ததாகிவிடும். ஆடாத ஒருவர் வீட்டில் இருந்தால் அவரிடம் கொடுத்து உட்கார வையுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் அந்தச் சீட்டுகளை எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டுத் தொடருவதுதான் சமமானது.

21 ஜூன்

"எல்லோரும் தவறாகச் சாட்டி ஒருவர் மட்டும் மிஞ்சினால் அவர் ஜெயித்தவரா?" எங்கள் வீட்டில் இல்லை. அவரும் தன் முறைகளில் கேட்டு, கண்டுபிடித்து, சரியாகச் சாட்ட வேண்டும். அவசரம் இல்லாததால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனாலும் கொலையாளி யார் என்று சொல்லாமல் ஒரு துப்பறிவாளரை ஜெயித்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

22 ஜூன்

தவறாகச் சாட்டி விலகியவரின் காய் ஒரு வாசல் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தால் அந்தக் கதவு கடைசிவரை அடைபட்டே இருக்குமா என்று நேற்றிரவு ஒருவர் கேட்டார். அடைபடாது. அந்தக் காயை அறைக்குள் தள்ளி வைத்துவிட வேண்டும், வழி விட வேண்டும். பிறகு யாராவது அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மற்ற காய்களைப் போலவே அதையும் இழுத்துப் போகலாம். ஆள் இல்லாத காய்களுக்கும் இதே விதி. மூன்று பேர் ஆடினாலும் ஆறு காயும் பலகையில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.